கொரியா கடையில சாப்பிட்ட பிள்ளைங்களைக் கோயிலை விட்டு விரட்டினது யாரு? நாமதான்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில விட்டுட்டு கருத்து போடாதீங்க. முழுசா படிச்சிட்டு திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

எழுதறது நாங்க, அன்னதானக் கூடத்தில் பல வருஷமா அண்டா தூக்கி, பாத்திரம் கழுவுற தொண்டர்கள். பெரிய படிப்பு கிடையாது. அஞ்சாம் படிவத்தோட நின்னு தொழிற்சாலைக்குப் போனவங்க. எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க. விஷயத்துல பிழை இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க.

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை நடந்தது பல பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றோம்.

அன்னைக்கு விடியற்காலை நாலரை மணிக்கே நம்ம இளைஞர் பகுதி பிள்ளைங்க ஏழு பேர் வந்துட்டாங்க. நாலு பையன், மூணு பொண்ணு. பூசணிக்காய் வெட்டினது, தேங்காய் துருவினது, வாழை இலை துடைச்சது, பந்தி பந்தியா பரிமாறினது, கடைசியில கூடத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவி விட்டது வரைக்கும் அவங்கதான். நம்ம பெரியவங்க உட்கார்ந்த இடத்திலிருந்தே "தம்பி ரசம், பாப்பா மோர்"னு கூப்பிட்டப்ப ஓடினதும் அவங்கதான். மத்தியானம் மூணு மணிக்கு அவங்க சாப்பிட உட்கார்ந்தப்ப பாயசமும் இல்ல, கூட்டும் இல்ல. அண்டா அடியில இருந்த சோறும் ரசமும்தான். ஒருத்தரும் முகம் சுளிக்கல. நாங்க கண்ணால பார்த்தோம்.

அன்னைக்கு அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தருக்குப் பிறந்தநாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு, ஏழு பேரும் பேரங்காடியில இருக்கிற ஒரு கொரியா சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்காங்க. பெரிய ஆடம்பரக் கடை எல்லாம் இல்ல. ஆளுக்கு 20, 25 வெள்ளிக்குள்ள சாப்பிடற கடை. சந்தோஷமா ஒரு படம் எடுத்துப் போட்டிருக்காங்க. நெத்தியில அன்னைக்கு வச்ச நாமம்கூட இன்னும் அழியல.

அந்தப் படத்தை ஒருத்தர் நம்ம ஆலயப் புலனக் குழுவுல தூக்கிப் போட்டார். "புரட்டாசியில மாட்டிறைச்சி! இவங்க கையாலதான் நாம அன்னதானம் சாப்பிடறோம்"னு கீழே ஒரு வரி. மேசை நடுவுல அடுப்பு இருக்காம். தட்டுல கறுப்பா நீள நீளமா ஏதோ இருக்காம். அதனால மாட்டிறைச்சியாம். தீர்ப்பு முடிஞ்சது.

ரெண்டு மணி நேரத்துல எண்பது செய்திக்கு மேல வந்துச்சு. "இதுதான் இப்போதைய பிள்ளைங்க." "கொரியா நாடகம் பார்த்துக் கெட்டுப் போச்சுங்க." "இவங்களை அன்னதானக் கூடத்துல விடக்கூடாது." "பெத்தவங்களைச் சொல்லணும்." பெத்தவங்களும் அந்தக் குழுவுலதான் இருக்காங்கன்னு எழுதினவங்களுக்குத் தெரியாதா? நல்லா தெரியும்.

இப்ப எங்க கதையையும் சொல்லிடறோம். நாங்களும் சும்மா இல்ல. எங்கள்ல மூணு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். ஒருத்தர் "வெட்கக்கேடு"ன்னு எழுதினார். காலையிலிருந்து அந்தப் பிள்ளைங்க கூடவே நின்னு வேலை பார்த்தவங்க நாங்க. அவங்க தொலைபேசி எண் எங்ககிட்ட இருக்கு. ஒரு போன் போட்டு "என்னப்பா சாப்பிட்டீங்க?"ன்னு கேட்க எங்களுக்குத் தோணல. கட்டைவிரல் மட்டும் போச்சு.

நாலாவது சனிக்கிழமை ஏழு பேர்ல ஒருத்தரும் வரல. அண்டாவை எறக்க ஆள் இல்லாம அறுபது வயசு அண்ணன் ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டார். ரெண்டாவது பந்திக்கு இலை போட ஆள் இல்ல. புலனத்துல அத்தனை எழுதினவங்கள்ல வாளி தூக்க வந்தது எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்தோம். ரெண்டு பேர். அந்த ரெண்டு பேருக்கும் நன்றி. மத்தவங்க பந்தியில உட்கார்ந்திருந்தாங்க.

இன்னொண்ணும் நின்னு போச்சு. பிறந்தநாள் கொண்டாடின அந்தப் பொண்ணுதான் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு எடுக்குது. பதினாலு சின்னப் பிள்ளைங்க. அந்த வகுப்பு இப்ப இல்ல. சின்னப் பிள்ளைங்க வந்து பூட்டின கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகுதுங்க.

அப்புறம்தான் எங்களுக்கு உறைச்சது. நாலு பேரா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனோம். அம்மா கதவைத் திறந்து உட்கார வச்சாங்க, தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அண்ணே, வந்ததுக்கு நன்றி. ஆனா ஒண்ணு கேட்கணும். அத்தனை பேர் எழுதினீங்க. ஒருத்தராவது என் பிள்ளைகிட்ட என்ன சாப்பிட்டேன்னு கேட்டீங்களா?" எங்களால பதில் சொல்ல முடியல. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் கழிச்சு அறையிலிருந்து வெளியே வந்து, கைப்பேசியில ரசீதைக் காட்டிச்சு. "அங்கிள், எல்லாமே சைவம்னு நினைச்சுதான் ஆர்டர் பண்ணோம். இறைச்சி வேணாம், முட்டை வேணாம்னு சொன்னோம். இதோ பாருங்க." அதுக்கு மேல பேசல. திரும்ப அறைக்குள்ள போயிடுச்சு.

தொழிற்சாலையில 27 வருஷமா லைன் பார்க்கிறவங்க எங்கள்ல இருக்கோம். லைன்ல ஒரு பொருள் கெட்டுப் போய் வந்தா முதல் வேலை ஆளைத் திட்டறது இல்ல. அந்தப் பொருளைக் கையில எடுத்துப் பார்க்கணும். அப்புறம் எந்த இடத்துல தப்பு நடந்துச்சுன்னு போய்ப் பார்க்கணும். உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டற சூப்பர்வைசரை எந்த லைனும் மதிக்காது. இந்தப் பாடத்தைப் புது ஆளுங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிற நாங்களே கோயில் விஷயத்துல மறந்துட்டோம்.

அதனால நாங்க நாலு பேரும் அந்தக் கொரியா கடைக்கே போனோம். ஆமாங்க, போனோம். புதன்கிழமை, வேலை முடிஞ்சு, யூனிஃபார்மோட. இதையும் படம் எடுத்துப் போடணும்னா போடுங்க.

எங்களுக்கு ஒண்ணும் புரியல. மேசை நடுவுல பள்ளம், அதுல அடுப்பு. கூரையிலிருந்து புகை இழுக்கிற குழாய் தொங்குது. உட்கார்ந்த உடனே சின்னச் சின்னத் தட்டுல அஞ்சாறு அயிட்டம் கொண்டு வந்து வச்சாங்க. "நாங்க இன்னும் ஆர்டர் பண்ணலையே"ன்னு திருப்பி அனுப்பப் பார்த்தோம். பக்கத்து மேசையில இருந்த பிள்ளைங்க சிரிச்சாங்க. அதுக்குக் காசு கிடையாதாம். பான்சான்னு பேராம், நம்ம வாழை இலையில ஓரமா வைக்கிற ஊறுகாய், பொரியல் மாதிரி. தீர்ந்தா திரும்பவும் வைப்பாங்களாம். அந்த இரும்புக் குச்சியைப் பிடிக்க எங்களால முடியல. கரண்டியாலதான் சாப்பிட்டோம்.

அந்த மேசை அடுப்பு எல்லா மேசையிலும் இருக்கு. இறைச்சி சுடச் சொன்னாத்தான் பத்த வைப்பாங்க. பிள்ளைங்க படத்துல இருந்தது பத்த வைக்காத அடுப்பு. தட்டுல கறுப்பா நீளமா இருந்ததே, அதையும் கண்டுபிடிச்சோம். அது காளான். நம்ம சீனர் சைவக் கடையில போடற அதே கறுப்புக் காளானை நீளமா வெட்டி, சர்க்கரைவள்ளி மாவுல செஞ்ச கண்ணாடி மாதிரி மீயோட பிரட்டியிருக்காங்க. ஜாப்சேன்னு பேரு. வழக்கமா அதுல மாட்டிறைச்சி சேர்ப்பாங்க. பிள்ளைங்க வேணாம்னு சொல்லி வாங்கியிருக்காங்க, ரசீதுலயே இருக்கு.

ஆக மாட்டிறைச்சி சாப்பிட்டாங்கன்னு எழுதினது பொய். அது பொய்னு இங்க பகிரங்கமா எழுதறோம்.

ஆனா பிள்ளைங்களே, நீங்களும் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்க பக்கம் எல்லாம் சரின்னு சொல்ல வரல. நீங்க சாப்பிட்டது மாட்டிறைச்சி இல்ல. ஆனா முழு சைவமும் இல்ல.

கடை மேலாளர் ஒரு சீன அம்மா. நாங்க வந்த விஷயத்தைச் சொன்னோம். பொறுமையா கேட்டுட்டு, சமையல் அறையிலிருந்து கிம்ச்சி வாளியையே தூக்கிட்டு வந்து மேசையில வச்சாங்க. லேபிளைப் படிச்சோம். முட்டைக்கோஸ், மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, அதோட உப்புல ஊறின இறால், நெத்திலி சாறு. இது இந்த ஒரு கடையோட தப்பு இல்ல. கொரியாவுல கிம்ச்சியை வழக்கமா அப்படித்தான் செய்வாங்க. இறாலும் மீன் சாறும்தான் அதுக்கு ருசி கொடுக்குது. பார்க்கிறதுக்கு வெறும் கோஸ் ஊறுகாய். உள்ளே கடல்.

அடுத்தது தொக்பொக்கி. செகப்பா குழம்புல மிதக்கிற அரிசி மாவு உருண்டை. அந்தக் குழம்புக்குத் தண்ணியே நெத்திலியும் கடல்பாசியும் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான். அதுல மெல்லிசா முக்கோணமா மடிச்சுக் கிடந்ததே, தவ்ஃபூன்னு நினைச்சு சாப்பிட்டீங்களாமே, அது தவ்ஃபூ இல்ல, மீன் கேக்.

அதனால சொல்றோம். விரதம்னா விரதம். அதுல நாங்க தளர்த்தி எதுவும் கேட்கல. "தெரியாம சாப்பிட்டேன்"னு ஒரு தடவை சொல்லலாம். ரெண்டாவது தடவை சொன்னா அது அலட்சியம். கொரியா கடைக்குப் போறதா இருந்தா இதைத் தெரிஞ்சிக்கிட்டுப் போங்க:

கிம்ச்சியில இறால், மீன் சாறு இருக்கான்னு கேளுங்க. கிம்ச்சி போட்ட அப்பம், கிம்ச்சி சோறு எல்லாத்துக்கும் இதே கேள்விதான்.

சூப், குழம்பு எதுவா இருந்தாலும் "இறைச்சி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டா பத்தாது. "தண்ணி எதுல கொதிச்சது?"ன்னு கேளுங்க. தவ்ஃபூ சூப்னு பேரு இருக்கும். தண்ணி நெத்திலித் தண்ணியா இருக்கும், மேல முட்டை உடைச்சு ஊத்துவாங்க.

பிபிம்பாப்னா சோத்து மேல காய்கறி அடுக்கி வைக்கிறது. காய்கறி பிபிம்பாப்னு எழுதியிருந்தாலும் முட்டை வரும். மேல போடற மிளகாய் விழுது, கோசுஜாங், மிளகாய், பசையரிசி, சோயா, உப்பு வச்சுச் செய்யறது, அது பரவாயில்ல. ஆனா சில கடையில அந்த விழுதையே மாட்டிறைச்சி போட்டு வதக்கி வைப்பாங்க. கேட்காம ஊத்தாதீங்க.

கிம்பாப் சுருள்ல காரட், கீரை மட்டும்தான் கண்ணுல படும். உள்ளே மீன் கேக், நண்டுக் குச்சி இருக்கலாம்.

பாக்கெட் மீ வாங்கி வீட்டுல செய்யறவங்க பின்பக்கம் படிங்க. மிளகாய்ச் சுவைன்னு முன்னாடி எழுதியிருக்கும். சூப் தூள்ல பல வகையில மாட்டிறைச்சிச் சாறு இருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இதுல பெரியவங்களே தப்பு பண்றாங்க. ஹலால் முத்திரை இருந்தா நமக்கும் கவலை இல்லைன்னு நினைக்கிறாங்க. ஹலால்னா பன்றி இல்ல, மது இல்ல, முறைப்படி அறுத்த இறைச்சின்னு அர்த்தம். மாடு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. சொல்லப் போனா பன்றி இல்லாத கொரியா கடையில மாடும் கோழியும்தான் முக்கிய உணவு. "பன்றி இல்லை"ன்னு கதவுல ஒட்டியிருக்கிறது முஸ்லிம் நண்பர்களுக்காக. நமக்கு வேண்டியதை நாமதான் வாய் திறந்து கேட்கணும்.

கேட்டா கோவிச்சுக்குவாங்களா? இல்லவே இல்ல. அந்த சீன அம்மா எங்ககிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? சீன மாசம் ஒண்ணாம் தேதி, பதினைஞ்சாம் தேதி சைவம் இருக்கிறவங்க அவங்க கடைக்கும் வர்றாங்களாம். ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு மஞ்சள் கொடி கட்டி ஒன்பது நாள் சைவம் இருக்காங்களே, அதுவும் பெரும்பாலும் நம்ம புரட்டாசியை ஒட்டித்தான் வரும். அவங்க எல்லாம் முன்கூட்டியே சொல்லிடுவாங்களாம், தனிச் சட்டியில செஞ்சு கொடுப்பாங்களாம். "இந்தியர்கள் யாரும் கேட்கறதே இல்ல. இறைச்சி வேணாம்னு மட்டும் சொல்வாங்க"ன்னாங்க. அன்னைக்கு எங்களுக்கும் தனியா செஞ்சு கொடுத்தாங்க. வெள்ளைச் சோறு, கீரை, சோயா முளை, காளான். நாங்க நல்லெண்ணெய் வாசனையோட சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்.

இப்ப பெரியவங்க பக்கம் வர்றோம். அண்ணன்மார்களே, அக்காமார்களே, கோவிச்சுக்காம கேளுங்க.

பிள்ளைங்க கிம்ச்சியில இறால் இருந்தது தெரியாம சாப்பிட்டாங்க. சரி. நாம புரட்டாசி காலையில நாசி லெமாக் வாங்கறோம். "நெத்திலி வேணாம், முட்டை வேணாம்"னு சொல்லிட்டு சைவம்னு சாப்பிடறோம். அந்த சம்பல்ல பெலாச்சான் இருக்கே, அது என்ன? இறால்தானே? கொரியாக்காரன் இறாலை உப்புல ஊற வச்சு கோஸ்ல போட்டான். இங்க இறாலை இடிச்சுக் காய வச்சு சம்பல்ல போட்டாங்க. அவன் இறால் தீட்டு, நம்ம ஊர் இறால் பிரசாதமா?

மாமாக் கடையில ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்புன்னு கேட்கறோம். அதே கரண்டி மீன் குழம்புக்குள்ள போயிட்டு வர்றதை நாம பார்க்கிறது இல்லையா? பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கிறோம். இதுக்கெல்லாம் யாராவது படம் எடுத்துப் புலனத்துல போட்டாங்களா?

புரட்டாசி முடிஞ்ச மறுநாள் விடியற்காலை கோழிக் கடையில வரிசையில நிக்கிறது யாரு? கொரியா நாடகம் பார்க்கிற பிள்ளைங்களா? சாமி ஊர்வலம் முடிஞ்ச கையோட காருக்குப் பின்னாடி போத்தலைத் திறக்கிறது யாரு? இதைச் சொல்லும்போது எங்களுக்கும் கூச்சமாத்தான் இருக்கு. எல்லாரும் அப்படின்னு சொல்லல. ஆனா எழுதின அத்தனை பேர் வீட்டுச் சமையலறையும் சுத்தமா இருந்துச்சான்னு அவங்கவங்களே கேட்டுக்குங்க.

"அது கிடக்கட்டும், கலாசாரம் அழியுதே"ன்னு ஒருத்தர் எழுதினார். அவருக்கும் பதில் சொல்லணும். அவர் கவலை பொய்யான கவலை இல்ல. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குப் புட்டு அவிக்கத் தெரியல, கொரியா சாப்பாட்டுப் பேரு எல்லாம் தெரியுதுன்னா பெத்தவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். எங்க வீட்டுலயும் இதே கதைதான்.

ஆனா அதே அண்ணன்தான் போன மாசம் "கொரியாவுல அம்மாவை ஓம்மான்னும் அப்பாவை அப்பான்னும் கூப்பிடறாங்க, தமிழன் பெருமை பாரீர்"னு ஒரு காணொளி அனுப்பினார். பெருமை பேசறப்ப கொரியா நம்ம சொந்தம். பிள்ளைங்க போய் சோறு தின்னா அந்நியமா?

அந்த மக்களோட சாப்பாட்டு மேசைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. பெரியவங்க கரண்டி எடுக்காம சின்னவங்க எடுக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ரெண்டு கையாலதான் கொடுப்பாங்க, வாங்குவாங்க. நம்ம பந்தியில நடக்கிறது என்ன? ரெண்டாவது பந்திக்கு நிக்கிறவங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க நாற்காலிக்குப் பின்னாடியே நின்னு எப்ப எழுந்திருப்பாங்கன்னு பார்க்கிறோம்.

குளிர்காலத்துக்கு முன்னாடி அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து கிம்ச்சி போட்டுப் பங்கு போட்டுக்கிற வழக்கம் அங்க இருக்கு. கிம்ஜாங்னு பேரு. அதை 2013ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. நம்ம பாட்டிமார் தோட்டத்துல சேர்ந்து உட்கார்ந்து தீபாவளிப் பலகாரம் சுட்டு வீடு வீடா அனுப்பினது ஞாபகம் வருதா?

இன்னும் கேளுங்க. அந்த ஊர் புத்தர் கோயில் சாப்பாட்டுல இறைச்சி, மீன் எதுவும் கிடையாது. கிம்ச்சிகூட இறால் இல்லாம, பூண்டு இல்லாம செய்வாங்க. பூண்டு, வெங்காயத்தாள், குச்சாய்னு அஞ்சு வாசனைப் பொருளை ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்த அஞ்சுல ஒண்ணு நாம சாம்பார்ல போடற பெருங்காயம்! அவங்க கணக்குப்படி பார்த்தா நம்ம அன்னதான சாம்பாரே அவங்க கோயிலுக்குள்ள போக முடியாது. பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த ஜியோங் குவான்னு ஒரு புத்த பிக்குணி சமைக்கிற சாப்பாட்டை 2017ல் நெட்ஃபிலிக்ஸ் தொடர் ஒண்ணுல காட்டினாங்க, பிள்ளைங்களைக் கேட்டா போட்டுக் காட்டுவாங்க. அந்த மடங்கள்ல பிக்குகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற நாலு கிண்ணத்துல சாப்பிட்டு முடிச்சதும், ஒரு பருக்கை விடாம கிண்ணத்துல தண்ணி ஊத்திக் கழுவி அந்தத் தண்ணியையும் குடிச்சிடுவாங்க. நம்ம கூடத்துல ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை கறுப்புப் பை சோறு குப்பைக்குப் போகுதுன்னு தூக்கிப் போடற எங்களைக் கேளுங்க. அடுத்தவங்க தட்டுல இருக்கிற பாவத்தை எண்ணறதுக்கு முன்னாடி நம்ம இலையில மிச்சம் வைக்கிற அன்னலட்சுமியை எண்ணுவோம்.

கடைசியா ஒரு விஷயம். இதுதான் எங்களுக்கு மனசுல தைச்சது.

அந்தக் கடையில உட்கார்ந்திருந்தப்ப சுத்திப் பார்த்தோம். எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைங்க. சீனர், மலாய்க்காரர், நம்ம பிள்ளைங்க. ஒரே மேசை, நடுவுல ஒரு சட்டி, எல்லாரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடறாங்க. ஒருத்தர் இன்னொருத்தர் தட்டுல எடுத்து வைக்கிறாங்க. ஒன்றரை மணி நேரமா பேசிக்கிட்டு இருக்காங்க. யாரும் எழுந்திருன்னு சொல்லல. 2024ல் நம்ம மலேசியாவோட காலைப் பசியாறுற பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தப்ப நாம எல்லாரும் பெருமையா பகிர்ந்தோமே, எதுக்கு? எல்லா இனமும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடறதுக்குத்தானே?

நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம கோயில்ல அப்படி ஒரு மேசை இருக்கா? வா, வெட்டு, தூக்கு, பரிமாறு, கழுவு, போ. பத்து வருஷமா இதைத்தான் சொல்லியிருக்கோம். "உட்காரு, சாப்பிடு, வேலை எப்படிப் போகுது, படிப்பு எப்படி இருக்கு"ன்னு ஒருத்தரும் கேட்கல. வேலை முடிஞ்சதும் கூடத்துக்கு விளக்கை அணைச்சுப் பூட்டறோம், மின்கட்டணம் ஏறுதாம். அந்தப் பிறந்தநாளுக்கு நாம ஒரு கேசரி கிண்டிக் கொடுத்து, நம்ம கூடத்துலயே ஒரு மணி நேரம் உட்கார விட்டிருந்தா அவங்க கொரியா கடைக்குப் போயிருப்பாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. போயிருக்கலாம். ஆனா இன்னொரு நாள் போயிருப்பாங்க, விரத நாள்ல இல்ல.

அதனால நாங்க கேட்கறது நாலே விஷயம்.

ஒண்ணு. அந்தப் படத்தைப் போட்டவர், எழுதினவங்க, கட்டைவிரல் தூக்கின நாங்க, எல்லாரும் எங்க அவமானப்படுத்தினோமோ அதே குழுவுலயே மன்னிப்பு கேட்கணும். தனியா போன் பண்ணிக் கேட்டா பத்தாது. எங்க மன்னிப்பை இப்பவே கேட்டுக்கிறோம். தம்பிங்களா, தங்கச்சிங்களா, மன்னிச்சுக்குங்க. விசாரிக்காம உங்களைத் தப்பா பேசிட்டோம்.

ரெண்டு. ஆலயக் குழுவுல இனிமே யார் படத்தையும் அவங்க அனுமதி இல்லாம போடக்கூடாதுன்னு நிர்வாகம் ஒரு விதி போடணும். பிள்ளைங்க தப்பு செஞ்சா கூப்பிட்டுச் சொல்லுங்க. கோயில்ல பெரியவங்க இருக்கிறது அதுக்குத்தான்.

மூணு. விரத நாள்ல வெளியில சாப்பிடறப்ப எதெதுல என்ன கலந்திருக்கும்னு ஒரு பக்கத்துல எழுதி அறிவிப்புப் பலகையில ஒட்டணும். நாசி லெமாக் சம்பல்ல ஆரம்பிச்சு கிம்ச்சி வரைக்கும். எழுதித் தர நாங்க தயார். தைப்பூச விரதம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒட்டிடணும், காவடி எடுக்கிற பிள்ளைங்களுக்கு உதவும்.

நாலு. சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்ச பிறகு, பரிமாறின பிள்ளைங்களுக்குத் தனியா பாயசத்தோட எடுத்து வைக்கணும். ஒரு பந்தி அவங்க உட்காரட்டும், நாம பரிமாறுவோம். கூடத்தை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து விடணும். மின்கட்டணத்துக்கு நாங்க நாலு பேரும் மாசம் ஆளுக்கு 20 வெள்ளி தர்றோம். சாவியையும் நாங்களே பார்த்துக்கிறோம்.

இதுல எது தப்பு, எது முடியாதுன்னு நிர்வாகம் சொல்லட்டும், உட்கார்ந்து பேசுவோம். ஆனா தேவார வகுப்புக் கதவு பூட்டியிருக்கிறதை மட்டும் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க எங்களால முடியாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வகுப்பைத் திறந்து, பெருக்கி, பாய் விரிச்சு வைக்கப் போறோம். டீச்சர் தங்கச்சி, நீ வருவியோ மாட்டியோ, அது உன் விருப்பம். கட்டாயப்படுத்த எங்களுக்கு முகம் இல்ல. பதினாலு பிள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்குதுங்க, அதை மட்டும் சொல்லிடறோம்.

பெருமாள் எல்லாருக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும், முதல்ல எங்களுக்கு.

கோவிந்தா, கோவிந்தா.

அன்னதானக் கூடத் தொண்டர்கள்